பீரோவுல தூங்குற கேமராவை எழுப்புங்க

"இன்னமும் அந்தக் கல்லைக் கழுத்துல மாட்டிக்கிட்டு அலையுறீங்களே அண்ணே, போன்லயே 108 மெகாபிக்சல் வந்துடுச்சு"ன்னு என்னைக் கேட்காத இளவட்டம் எங்க ஊர்ல இல்லை. டீக்கடையில கேட்பாங்க, திருவிழாவுல கேட்பாங்க, துக்க வீட்டுல கூட ஒருத்தர் கேட்டார். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி மாளலை. அதனால இங்கே எழுதிடுறேன்.

என்கிட்ட இருக்கிறது நிக்கான் டி90. 2008-ல வந்த மாடல், 12 மெகாபிக்சல். வீடியோ எடுக்கக்கூடிய முதல் டிஎஸ்எல்ஆர்னு அதுக்கு அப்போ ஒரு பேரு. இன்னைக்கு அந்த வீடியோவைப் பார்த்தா சிரிப்பு வரும், அது வேற விஷயம். சென்னையில சாப்ட்வேர் கம்பெனியில இருக்குற என் அக்கா மகன் 2010-ல ஆசைப்பட்டு வாங்கினது. ஊட்டி, கொடைக்கானல், கல்யாணம், குழந்தைக்கு மொட்டை வரைக்கும் எடுத்தான். அப்புறம் நல்ல போன் வந்துச்சு, கேமரா பீரோவுக்குள்ள போயிடுச்சு. 2016 பொங்கலுக்கு வந்தப்ப, "மாமா, சும்மாதான் கிடக்கு, நீங்க வச்சுக்கங்க"ன்னு பையோட கொடுத்துட்டுப் போனான்.

இதைப் படிக்கிற உங்கள்ல பலபேர் வீட்டுல இதே கதைதான் நடந்திருக்கும். அந்தக் கேமரா இப்பவும் பீரோ மேல் தட்டுல, பழைய கல்யாணப் பத்திரிகைக்குக் கீழே கிடக்கும். என் கருத்து இதுதான்: அது இன்னும் வேலை செய்யும் கருவி. அதுவும் எங்களை மாதிரி ஊர்ல இருக்கிறவங்களுக்குப் போனை விட நல்லா வேலை செய்யும் சில இடங்கள் உண்டு. அதை அங்கே தூங்கவிடுறது, நல்ல வண்டி மாட்டைத் தொழுவத்துலயே கட்டிப்போட்டு வச்சிருக்கிறதுக்குச் சமம்.

முதல்ல வெயிலைச் சொல்றேன். பகல் பன்னிரண்டு மணிக்கு வரப்புல நின்னு போனைத் தூக்கிப் பாருங்க. திரையில உங்க மூஞ்சிதான் தெரியும். குத்துமதிப்பா அழுத்திட்டு, மரத்தடிக்கு வந்துதான் என்ன விழுந்திருக்குன்னு பார்க்கணும். டிஎஸ்எல்ஆர்ல அந்தத் தொல்லை இல்லை. உள்ளே சாய்வா ஒரு கண்ணாடி இருக்கு. லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்தை அது மேலே திருப்பிவிட, மேலே இருக்குற பட்டகம் அதை நம்ம கண்ணுக்குக் கொண்டுவருது. பட்டனை அழுத்தினா கண்ணாடி மேலே எழும்பி வழிவிடும். அந்த 'டக்'குங்கிற சத்தம் அதுதான். நாம பார்க்கிறது திரை இல்லை, நிஜ வெளிச்சம். எவ்வளவு வெயில் அடிக்குதோ அவ்வளவு தெளிவாத் தெரியும்.

இன்னொண்ணு, என் வயசுக்காரங்களுக்கு மட்டும் புரியும். எனக்கு வெள்ளெழுத்து வந்து பல வருஷம் ஆச்சு. போனைப் பார்க்கணும்னா சட்டைப் பையில கண்ணாடியைத் தேடணும், சேத்துக் கையோட அதை மாட்டணும். இந்தக் கேமராவுல கண்ணை வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஒரு சின்னச் சக்கரம் இருக்கு. அதைத் திருகி நம்ம பார்வைக்குத் தகுந்த மாதிரி ஒருதடவை வச்சுட்டாப் போதும். கண்ணாடி இல்லாமலே எல்லாம் பளிச்சுன்னு தெரியும்.

அடுத்து பச்சை. நகரத்துல இருக்கிற உங்களுக்கு வயல்னா எல்லாம் ஒரே பச்சை. எங்களுக்கு அந்தப் பச்சையிலதான் சோறு இருக்கு. இலை கொஞ்சம் வெளிறினா தழைச்சத்து பத்தலைன்னு அர்த்தம். கரும்பச்சையாப் போனா யூரியா அதிகமாகி பூச்சி வரப்போகுதுன்னு அர்த்தம். இதுக்குன்னே இலை வண்ண அட்டைன்னு ஒண்ணு இருக்கு. பல பச்சைக் கட்டங்கள் போட்டிருக்கும், இலையை அதுமேல வச்சு ஒப்பிட்டுப் பார்க்கணும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மத்த ரகங்களுக்கு 4, அதுக்குக் கீழே இறங்கினா உரம் போடுன்னு வேளாண் பல்கலைக்கழகத்துல சொல்றாங்க. பார்க்கும்போது இலைமேல நேரா வெயில் படக்கூடாது, நம்ம உடம்பு நிழல்ல வச்சுப் பார்க்கணும்னும் சொல்வாங்க. வெளிச்சம் மாறினா கண்ணே பொய் சொல்லும்.

கண்ணே பொய் சொல்லும்னா போன் எவ்வளவு சொல்லும்? போன் கேமராவுக்குள்ள ஒரு மென்பொருள் உட்கார்ந்துக்கிட்டு, 'ஓ, இது புல்வெளி'ன்னு முடிவு பண்ணி, பச்சையைத் தூக்கிவிட்டு, வானத்தை நீலமாக்கிக் கொடுக்குது. பார்க்க லட்சணமாத்தான் இருக்கு. ஆனா மஞ்சள் தட்டின நாத்து படத்துல செழிப்பாத் தெரிஞ்சா எனக்கு என்ன பிரயோசனம்? ஒரே வயலை ரெண்டு நிமிஷ இடைவெளியில எடுத்தாக் கூட, வானம் கொஞ்சம் அதிகமா விழுந்தா ஒரு நிறம், தரை அதிகமா விழுந்தா ஒரு நிறம். டி90-ல 'வொயிட் பேலன்ஸ்'ஸை நேரடி வெயில்னு வச்சுட்டேன்னா அது அப்படியே நிக்கும், தன்னிஷ்டத்துக்கு மாத்திக்காது. எங்க போர்செட்டு கொட்டகைக்குப் பக்கத்துல ஒரே வரப்புல நின்னு, சம்பாப் பயிரை வாரம் ஒருதடவை காலையில எட்டரை மணிவாக்குல எடுத்து வைக்கிறேன். கார்த்திகை மாசத்துப் படத்தை முந்தின வருஷ கார்த்திகைப் படத்தோட வச்சுப் பார்த்தா, இந்த வருஷம் பயிர் எங்கே நிக்குதுன்னு தெரியும். போன்ல இதைச் செய்யவே முடியாதுன்னு சொல்லலை. அதுலயும் எல்லாத்தையும் கையால மாத்துற வசதி சிலதுல இருக்கு. ஆனா போனை மாத்தும்போதெல்லாம் கணக்கு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். இது 2016-லேர்ந்து ஒரே கேமரா, ஒரே லென்ஸ்.

12 மெகாபிக்சல் பத்துமான்னு கேட்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. மழை பெய்யும்போது முத்தத்துல ஒரு அண்டாவை வைக்கிறோம், பக்கத்துல ஒரு டம்ளரையும் வைக்கிறோம். ரெண்டுலயும் பெய்யுறது ஒரே மழைதான். ஆனா எதுல தண்ணி அதிகம் சேரும்? கேமராவுக்குள்ள வெளிச்சத்தைப் பிடிக்கிற அந்தச் சில்லு, டி90-ல ஏறத்தாழ 24-க்கு 16 மில்லிமீட்டர். போன்ல அது சுண்டுவிரல் நகம் அளவுதான். டம்ளர் வாயை 108 பங்கா, 200 பங்காப் பிரிச்சு எண்ணினாலும் டம்ளர் டம்ளர்தான். மீதியைக் கணக்குப் போட்டு நிரப்புறாங்க. வடுவூர் ஏரிக்குப் போய் தூரத்துல நிக்கிற நாரையைப் போன்ல பெருசாக்கி எடுத்துப் பாருங்க. இறகு இருக்க வேண்டிய இடத்துல வாட்டர் கலர்ல தீட்டின மாதிரி ஏதோ இருக்கும். எங்க வயல்ல டிராக்டர் உழும்போது பின்னாலேயே நத்தை பொறுக்க வர்ற நத்தை குத்தி நாரையை, செகண்ட் ஹேண்டுல வாங்கின 70-300 லென்ஸ் போட்டு எடுத்தேன். அலகுக்கு நடுவுல இருக்கிற இடுக்கு தெரியுது.

குறையும் சொல்லிடணும். ராத்திரி எடுத்தா படம் பொரிப்பொரியா வரும், இன்னைக்குப் போன்கள் அதுல எங்கேயோ போயிடுச்சு. எடுத்ததை உடனே அனுப்ப முடியாது, கார்டைக் கழட்டி ரீடர்ல போட்டுப் போனுக்கு மாத்தணும். எந்த இடத்துல எடுத்தோம்ங்கிறது படத்துல பதியாது. பயிர்ப் பாதிப்புக் கணக்கெடுப்புக்கெல்லாம் இப்போ இடம் பதிஞ்ச படம்தான் கேட்கிறாங்க, அதுக்குப் போன்தான் சரி. கேமரா கம்பெனிகளும் இப்போ கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்குப் போயிட்டாங்க. இந்த வயசு மாடல் ரிப்பேர் ஆனா உதிரிபாகம் குதிரைக்கொம்பு. கனமும் ஜாஸ்திதான், லென்ஸோட ஒரு கிலோவைத் தாண்டும். ஆனா மம்பட்டி தூக்குற தோளுக்கு அது ஒரு கனமா?

கஜா புயல் அடிச்சது 2018 நவம்பர் 16 விடிகாலை. பேராவூரணி பக்கம் என் மச்சானுக்குத் தென்னந்தோப்பு. விஷயம் கேள்விப்பட்டு நான் போய்ச் சேர்ந்தப்ப, எழுந்து நின்ன மரத்தைத்தான் எண்ண முடிஞ்சுது, விழுந்ததை இல்லை. கரண்ட் இல்லை, டவர் இல்லை, எல்லார் போனும் செத்துக் கிடந்துச்சு. கேமராவை ஒருதடவை சார்ஜ் போட்டா எண்ணூறு படத்துக்கு வரும். அணைச்சு வச்சிருந்தா வாரக்கணக்குல சார்ஜ் இறங்காது. மச்சான் ஒவ்வொரு மரத்துலயும் சுண்ணாம்பால நம்பர் போட்டுக்கிட்டே போனார், நான் ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே போனேன். மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக மொத்தம் 1,100 ரூபாய்னு அரசாங்கம் பிறகு அறிவிச்சுது. முப்பது வருஷத்துத் தென்னைக்கு அது ஒரு பணமான்னு கேட்டா அது தனிக் கதை. ஆனா கணக்கெடுக்க வந்தவங்க சொன்ன எண்ணிக்கைக்கும் எங்க எண்ணிக்கைக்கும் வித்தியாசம் வந்தப்ப, வரிசையா நம்பரோட, தேதி நேரத்தோட படம் கையில இருந்துச்சு. வாய்ப்பேச்சுல முடியாதது அதுல முடிஞ்சுது.

தேதின்னதும் இன்னொண்ணு. வாட்ஸ்அப்ல அனுப்பின படத்துல, எடுத்த தேதி, நேரமெல்லாம் உதிர்ந்து போயிடும். படத்தையும் அது சுருக்கிடுது. நாலு கை மாறி வந்த படம் எந்த வருஷத்து வெள்ளம், எந்த ஊரு வெள்ளம்னு யாருக்கும் தெரியாது. நீங்களே பார்த்திருப்பீங்க, ஒவ்வொரு மழைக்கும் அதே பழைய படம் சுத்தும். கேமராவுல எடுத்ததை நான் வருஷவாரியா ஹார்டு டிஸ்க்ல போட்டு வைக்கிறேன். மூலப்படம் என்கிட்டயே இருக்கு.

படம் சாட்சியா நிக்கிறதுக்கு எங்க ஜில்லாவுலயே பெரிய உதாரணம் உண்டு. 1858-ல லின்னேயஸ் டிரைப்னு ஒரு வெள்ளைக்காரர், அப்போ சென்னை மாகாண அரசாங்கத்தோட போட்டோகிராபர், தஞ்சாவூர் பெரிய கோயிலைப் படம் எடுத்தார். விமானத்தோட அடிப்பகுதியில ஓடுற கல்வெட்டை வரிசையா எடுத்து, 21 படங்களை ஒண்ணா ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அவர் கொண்டுவந்த சாமானுக்கு மாட்டுவண்டி வேணும். மெகாபிக்சலாவது ஒண்ணாவது! கொள்ளிடத்துக்கு அந்தண்டை அரியலூர் ஜில்லா ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதை பலபேருக்குத் தெரியும். களவு போய், ஆஸ்திரேலியா நாட்டு மியூசியத்துல பல கோடிக்கு விலைபோய், 2014-ல திரும்பி வந்தார். அவர் நம்ம ஊரு நடராஜர்தான்னு காட்டினதுல, பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்னாடியே கோயில்ல எடுத்து வச்சிருந்த போட்டோவுக்குப் பெரிய பங்கு. யாரோ ஒருத்தர் அந்தக் காலத்துல ஊர் ஊராப் போய், பூட்டிக் கிடந்த கோயில்லயும் நேரா நின்னு எடுத்து, எந்த ஊர்னு எழுதி வச்சிருக்கார். அந்தப் படத்தை அன்னைக்கு யாரும் லைக் போடலை.

இப்போ நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஊர்ல ஒருத்தர் செத்துப்போனா முதல் ஒருமணி நேரத்துல நடக்குறது என்ன தெரியுமா? போட்டோ தேடுறது. கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் அடிக்கணும், மாலை போட்டு வைக்கணும். வீட்டுல அஞ்சு போன் இருக்கும், பேரன் பேத்தி படம் ஆயிரக்கணக்குல இருக்கும், கிழவி படம் ஒண்ணு இருக்காது. கடைசியில ஆதார் அட்டைப் படத்தைப் பெருசாக்குவாங்க. அந்தப் படத்துல யாருக்காவது மூஞ்சி சரியா இருந்திருக்கா? இல்லைன்னா கல்யாணக் கும்பல்ல பின்னாடி நின்ன படத்துலேர்ந்து தலையை மட்டும் வெட்டி, கோட்டு போட்ட வேற உடம்புல ஒட்டிடுவான் பிளெக்ஸ் கடைப் பையன். ஆயுசு முழுக்கச் சட்டை போடாம வாழ்ந்த மனுஷன், அஞ்சலி போர்டுல டை கட்டிக்கிட்டு நிப்பார்.

அதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமத்தான், எங்க தெருவுல எழுபதைத் தாண்டினவங்களை ஒவ்வொருத்தரா எடுக்க ஆரம்பிச்சேன். சாயங்காலம் நாலு மணிக்குத் திண்ணையில விழுற வெளிச்சம், பழைய 50 எம்எம் லென்ஸ் ஒண்ணு, அவ்வளவுதான். அந்த லென்ஸுக்குள்ள மோட்டார் கிடையாது, கேமராவுலதான் இருக்கணும். டி90-ல இருக்கு. இதை வாங்கப் போறவங்க தெரிஞ்சுக்கங்க, சின்ன மாடல்கள் பலதுல இருக்காது. மொத்தம் 31 பேரை எடுத்திருக்கேன். தஞ்சாவூர்ல பிரிண்ட் போட்டு அவங்கவங்க கையில கொடுத்துட்டேன். முதல்ல, "ஏம்ப்பா, போர்டு அடிக்கவா எடுக்குற?"ன்னு ஒரு பாட்டி நேராக் கேட்டுச்சு. நான் முழிச்சதைப் பார்த்துட்டு, "அட எடு, மூக்குத்தி தெரியுற மாதிரி எடு"ன்னு முந்தானையைச் சரிபண்ணிக்கிட்டு உட்கார்ந்துடுச்சு. அந்தப் பாட்டி போய் ரெண்டு வருஷமாச்சு. மூக்குத்தி தெரியுது.

இதைப் போன்ல எடுத்தா என்னன்னு கேட்பீங்க. எடுத்துப் பார்த்தோம். பல போன்ல மூஞ்சியைக் கண்டதும் தானாவே மெழுகிடுது. சுருக்கமெல்லாம் போய், பவுடர் பூசின பொம்மை மாதிரி வருது. பாட்டி பேத்தியே பார்த்துட்டு, "இது எங்க அப்பாயி மாதிரியே இல்லை"ன்னு சொல்லிடுச்சு. அறுபது வருஷம் நாத்து நட்டு வெயில்ல காய்ஞ்ச மூஞ்சிக்கு அந்தச் சுருக்கம்தான் அடையாளம். அதை அழிக்க போனுக்கு யார் உத்தரவு கொடுத்தது? அது போக, பெரிய கேமராவைத் தூக்கினதும் உட்கார்றவங்க தோரணையே மாறுது. போனை நீட்டினா, "பேசு, யாரு லைன்ல?"ன்னு கேட்கிறாங்க. கேமராவைப் பார்த்தா நிமிர்ந்து உட்கார்றாங்க. சின்ன வயசுல ஸ்டுடியோவுல தோரணையா நின்ன ஞாபகம் போல.

ஊருக்குப் படம் எடுக்க வர்ற நகரத்து நண்பர்களுக்கும் ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. நடவு சமயத்துல கார்ல வந்து இறங்கி, குனிஞ்சு நடுற பொம்பளைங்களைப் பின்னாலேர்ந்து எடுத்து, 'மண்ணின் மைந்தர்கள்'னு தலைப்புப் போட்டு இன்டர்நெட்டுல போடுறீங்க. பேரு கேட்கிறதில்லை, எடுக்கலாமான்னு கேட்கிறதில்லை, எடுத்த படத்தை அவங்களுக்குக் காட்டுறதும் இல்லை. அந்த அம்மாவுக்கு அது கடைசி வரைக்கும் தெரியாது. ஒரு பிரிண்ட் போட்டு அனுப்பினா இருபது ரூபாய் ஆகுமா? நடவு மிஷின் வந்துட்ட பிறகு இந்தக் கை நடவே இன்னும் எத்தனை வருஷத்துக்கோ. படத்துல இருக்கிறவங்க வீட்டுச் சுவத்துல அந்தப் படம் இருக்கிறதுதான் மரியாதை. இன்னொரு கூட்டம் இருக்கு, பழைய டிஜிட்டல் கேமராவோட கலர் இப்போ பேஷன்னு தேடித்தேடி வாங்குறாங்களாம். வாங்கட்டும். பழசுங்கிறதுக்காகப் படம் நல்லா வந்துடாது.

சரி, பீரோவுல இருக்கிறதை எடுக்கப்போறீங்கன்னு வச்சுக்குவோம். முதல்ல லென்ஸை வெளிச்சத்துக்கு நேராத் தூக்கிப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி, வேர் ஓடின மாதிரி உள்ளே இருந்தா அது பூஞ்சாணம். என் அக்கா மகன் கொடுத்த லென்ஸ்ல ஓரத்துல இருந்துச்சு, தஞ்சாவூர்ல ஒருத்தர் சுத்தம் பண்ணிக் கொடுத்தார். பையிலயே மூடி வச்சா இப்படித்தான் ஆகும். கொள்முதல் நிலையத்துல நெல்லு ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினா மூட்டையைத் திருப்புறாங்க இல்லையா, அந்த மாதிரி லென்ஸுக்கும் ஈரம்தான் எமன். எங்க ஊரு ஐப்பசி, கார்த்திகையில சுவரே வேர்க்கும். காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைக்கணும். நீலம் ரோஸ் நிறமானா வாணலியில லேசா வறுத்தா மறுபடி நீலமாயிடும், அந்த வாணலியைத் திரும்பச் சமையலுக்கு எடுக்கக்கூடாது. அரிசிக்குள்ள புதைச்சு வைக்கலாம்னு சொல்றதை நம்பாதீங்க, தவிட்டுத் தூசி உள்ளே போயிடும். கதிர் அறுக்கிற சமயத்துல களத்துல நின்னு லென்ஸ் மாத்தவே மாத்தாதீங்க.

பேட்டரி செத்திருந்தா வேற வாங்கிக்கலாம், இன்னும் கிடைக்குது. டி90-க்கு இஎன்-இஎல்3இ. ஷட்டர் ஒரு லட்சம் தடவை அடிக்கும்னு கம்பெனி சோதிச்சுப் பார்த்த மாடல் அது, என்னோடது இன்னும் பாதிக்குக் கூட வரலை. உங்களோடது பத்தாயிரம் கூட அடிச்சிருக்காது.

நீங்களே எடுக்கிறதா இருந்தா சந்தோஷம். அடுத்ததடவை ஊருக்கு வரும்போது எடுத்துக்கிட்டு வாங்க, தாத்தா பாட்டியை உட்கார வச்சு நாலு படம் எடுங்க. நேரமில்லைன்னா, ஊர்ல பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை ஒண்ணுக்கு ஆர்வம் இருக்கும், அதுகிட்ட கொடுங்க. பழைய விலைக்கு வித்தா என்ன கிடைக்கும், அறுவடை மிஷினுக்கு ரெண்டு மூணு மணி நேர வாடகை தேறும். கொடுக்கும்போது சார்ஜரையும் தேடிச் சேர்த்துக் கொடுங்க. எல்லாரும் அதை மட்டும் பீரோவுலயே விட்டுட்டு வந்துடுறாங்க, போன் சார்ஜர் இதுக்குச் சேராது.